மண்டைக்குள் அழுத்தம்: துளையிடாமல் அறிய முடியுமா?

தலையில் பலத்த அடிபட்டு நினைவில்லாமல் ஐ.சி.யூ.வில் கிடப்பவரின் தலைமாட்டுத் திரையில் மருத்துவர்களின் கண் அடிக்கடி போவது ஓர் எண்ணின் மேல். அது 22-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். மண்டையோட்டுக்குள் நிலவும் அழுத்தத்தை மி.மீ. பாதரசக் கணக்கில் சொல்லும் எண் அது. படுத்திருக்கும் ஆரோக்கியமான பெரியவருக்கு 7 முதல் 15 வரை இருக்கும். 22-க்கு மேல் போய் அங்கேயே நின்றால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று கண்டு, அமெரிக்காவின் மூளைக்காய அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட நான்காம் பதிப்பு நெறிமுறையில் அந்த இடத்தில் கோடு போட்டது.

அந்த எண் திரைக்கு வருவதற்கு மண்டையில் துளை போட வேண்டும். மூக்கின் வேரிலிருந்து உச்சி நோக்கி சுமார் 11 செ.மீ., நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 3 செ.மீ.; பெரும்பாலும் வலப்பக்கம். முடியை மழித்து, தோலைக் கீறி, எலும்பைத் துளைத்து, மூளையுறையைத் திறந்து, மெல்லிய குழாயொன்றை ஏறத்தாழ 6 செ.மீ. ஆழத்துக்கு மூளைக்குள் செலுத்துகிறார்கள். குழாய் நுனி மூளையின் நீரறையைத் தொட்டதும் தெளிந்த நீர் சொட்டத் தொடங்கும். குழாயின் மறுமுனை ஓர் அழுத்த உணரியோடு இணையும். உணரியைக் காதின் துளை மட்டத்தில் நிறுத்த வேண்டும். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு உணரியை உயர்த்த மறந்தால் திரையில் தெரியும் எண் பொய், 10 செ.மீ. பிசகினாலே 7-க்கும் மேல் கூட்டிக் காட்டும். மற்ற எல்லா முறைகளையும் உரசிப் பார்க்கும் பொன் அளவுகோல் என்று நரம்பியல் உலகம் சொல்வது இதைத்தான்.

இந்த முறைக்கு விலை உண்டு. துளை வழியே கிருமி போகலாம், வழியில் இரத்தக்கசிவு ஏற்படலாம். மூளை ஏற்கெனவே வீங்கியிருந்தால் நீரறைகள் நசுங்கிக் கோடாகிவிடும், குழாய்க்கு இலக்கே கிடைக்காது. மாற்றாக மூளைத் திசுவுக்குள்ளேயே நுண்ணிய உணரிக் கம்பியைச் செருகுவதும் உண்டு. இடுவது எளிது, ஆனால் பொருத்திய பிறகு பூஜ்யத்தைச் சரிபார்க்க வழியில்லை, நாள் ஆக ஆக எண் மெல்ல நகரும். ஒருமுறை மட்டுமே பயன்படும் அந்தக் கம்பியின் விலை, ஏழை நாட்டு அரசு மருத்துவமனைகள் யோசித்து வாங்க வேண்டிய விலை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டில் எதைச் செய்வதற்கும் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

மண்டைக்குள் அழுத்தம் ஏன் இப்படி ஏறுகிறது என்பதற்கு ஸ்காட்லாந்தில் பிறந்த விளக்கமே இன்றும் அடிப்படை. எடின்பரோவின் உடற்கூற்றியல் பேராசிரியர் இரண்டாம் அலெக்சாண்டர் மன்றோ 1783-இல், மண்டை ஓர் இறுகிய பெட்டி, அதற்குள் இருக்கும் இரத்தத்தின் அளவு மாறாது என்று எழுதினார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி, லீத் துறைமுகத்தில் அறுவை மருத்துவர். 1821 நவம்பர் 3-ஆம் தேதி அடித்த புயலில் இறந்ததாகக் கருதப்பட்டவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து ஆசிரியரின் கருத்தோடு பொருத்தி, 1824-இல் அச்சிட்டார். மூளைநீரின் பங்கு பின்னர்தான் சேர்ந்தது. இன்றைய வடிவில் கணக்கு இதுதான்: பெட்டிக்குள் சுமார் 80 சதவீதம் மூளை, மீதியை இரத்தமும் மூளைநீரும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றொன்று விலகி இடம் தர வேண்டும். மூளைநீர் தண்டுவடப் பக்கம் இறங்கும், சிரை இரத்தம் வெளியேறும். இந்த ஈடுகட்டல் நடக்கும்வரை அழுத்தம் அசையாது. இடம் தீர்ந்த பிறகு ஒரு தேக்கரண்டி அதிகரித்தாலும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். ஆகவே எண் 15 என்பது நிம்மதியான செய்தியாகவும் இருக்கலாம், விளிம்பில் நிற்பவரின் கடைசி 15 ஆகவும் இருக்கலாம்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் லுண்ட்பெர்க் 1960-இல் வெளியிட்ட ஆய்வேடு இதைக் கண்ணுக்குக் காட்டியது. நீரறையில் குழாயை வைத்து, மணிக்கணக்கில், நாள்கணக்கில் அழுத்தத்தைத் தாளில் வரைந்தார். அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு திடீரென 50-க்கு மேல் எழும்பி, 5 முதல் 20 நிமிடம் மேட்டுநிலம் போல நின்று, பிறகு சரியும். ஒரு தடவை மட்டும் அளந்தால் இந்த மேட்டலைகள் கண்ணில் படாமலே போகும். வெளியிலிருந்து அளக்கும் கருவி எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது ஒரு கணத்தைச் சொல்கிறதா, போக்கைச் சொல்கிறதா?

வெளியிலிருந்து அளக்க வேண்டிய தேவை விபத்து நோயாளிகளோடு நின்றுவிடவில்லை. கல்லீரல் திடீரெனச் செயலிழந்தவருக்கு மூளை வீங்கும். அவருக்கு இரத்தம் உறையாது என்பதால் துளை போடுவதே ஆபத்து. உடல்பருமனான இளம் பெண்களைப் பெரிதும் பிடிக்கும், காரணம் புலப்படாத மண்டையழுத்த நோய் பார்வையைப் பறிக்கக் கூடியது. அவர்களுக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துத்தான் அழுத்தம் பார்க்கிறார்கள். 1891-இல் ஜெர்மனியின் ஹைன்ரிச் குவிங்கெ அறிமுகப்படுத்திய அதே முறை. தலையில் நீர் தேங்கி வடிகுழாய் வைத்த குழந்தை ஒரு காலையில் தலைவலி என்று அழுதால், குழாய் அடைத்திருக்கிறதா, வெறும் காய்ச்சலா என்று தெரியாமல் பெற்றோர் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இவர்களில் யாருக்கும் மண்டையைத் துளைத்துப் பார்க்கலாம் என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது.

இரத்த அழுத்தத்தின் கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-இல் வெளியிட்ட நூலில், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகி இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியதைப் பதிவு செய்தார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து அளக்கும் கருவியை இத்தாலியின் ரீவா-ரோச்சி 1896-இல்தான் கொடுத்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒலி கேட்கும் உத்தியை ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905-இல் சேர்த்தார். ஹேல்ஸின் குழாயிலிருந்து ரீவா-ரோச்சியின் பட்டை வரை 160 ஆண்டுகளுக்கு மேல். மண்டையழுத்தத்துக்கும் அப்படியொரு பட்டை வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பல ஆய்வுக்கூடங்கள் உழைக்கின்றன. ஆனால் கைப்பட்டை வெற்றி பெற்றதற்குக் காரணம் அதன் எளிமை மட்டுமல்ல. வெளியிலிருந்து தெரிந்த ஓர் அழுத்தத்தைக் கொடுத்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தோடு நேருக்கு நேர் மோதவிட்டு, இரண்டும் சமமாகும் புள்ளியை அது பிடிக்கிறது. அது நிறுவை. மண்டையோடு அப்படி மோத விடாது. எனவே வெளியிலிருந்து அளப்பதாகச் சொல்லும் முறைகளில் ஏறக்குறைய எல்லாமே அழுத்தத்தை அளப்பதில்லை. அழுத்தம் உண்டாக்கும் விளைவு ஒன்றை அளந்து, அதிலிருந்து அழுத்தத்தை ஊகிக்கின்றன. இந்தத் துறையின் பாதி ஏமாற்றங்கள் இந்த வேறுபாட்டை மறந்ததால் வந்தவை என்பது என் கணிப்பு.

விளைவு முதலில் தெரிந்த இடம் கண். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் விழித்திரையைப் பார்க்கும் கருவியை உருவாக்கினார். பத்தாண்டுகளுக்குள் மூளைக்கட்டி உள்ளவர்களின் கண்ணில் பார்வை நரம்பின் வட்டு வீங்கியிருப்பதை மருத்துவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். வீக்கத்துக்குக் காரணம் என்ன என்பதில் நூறாண்டு வழக்கு நடந்தது. அதைத் தீர்த்ததில் பெரும் பங்கு பஞ்சாபில் பிறந்த சோஹன் சிங் ஹேரேவுக்கு. 1960-களின் தொடக்கத்தில் குரங்குகளில் செய்த சோதனைகளில், மூளையைச் சுற்றும் நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் வருகிறது, அந்த உறையைத் திறந்துவிட்டால் வட்டு வீக்கம் வடிகிறது என்று அவர் காட்டினார். ஆனால் வட்டு வீங்க நாள்கள் பிடிக்கும். இன்று காலை லாரி மோதியவருக்கு இது உதவாது.

உறை அப்படியல்ல. அது நிமிடங்களில் விரியும். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் ஹெல்ம்கேயும் ஹான்சனும் அல்ட்ராசவுண்டால் அதை அளக்கும் வழியை வகுத்தார்கள். மூடிய இமைமேல் ஒளி ஊடுருவும் மெல்லிய ஒட்டுப்படலம், அதன்மேல் தாராளமாக ஜெல், அதன்மேல் நேர்க்கோட்டு ஆய்வுமுனை. கையின் எடை கண்ணில் இறங்கக் கூடாது. சுண்டுவிரலை நெற்றியில் ஊன்றிக்கொள்வார்கள். திரையில் விழி கருவட்டமாகத் தெரியும், அதன் பின்னால் பார்வை நரம்பு கறுப்புப் பட்டையாக இறங்கும். விழியின் பின்சுவரிலிருந்து மிகச் சரியாக 3 மி.மீ. தள்ளி, குறுக்கே அளக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பது வழக்கம். பழகிய கைக்கு ஐந்து நிமிடம் போதும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, கருவியோ ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருப்பது.

சிக்கல் எங்கே என்றால், முடிவு அரை மில்லிமீட்டரில் தொங்குகிறது. இயல்பான உறை 5 மி.மீ.க்குக் கீழே என்கிறார்கள் சிலர், 5.5 வரை, 6 வரைகூட இயல்புதான் என்கிறார்கள் வேறு சிலர். ஒவ்வோர் ஆய்வும் தன் நோயாளிகளுக்குப் பொருந்தும் வரம்பைத் தானே தேடிக்கொள்கிறது. வரம்பைத் தேடிய கூட்டத்திலேயே அதைச் சோதித்தால் தேர்ச்சி பெறத்தான் செய்யும். ஆய்வுமுனை சற்றுச் சாய்ந்தால் நிழல் உறையாகத் தெரியும். நீண்ட நேரம் உயர் அழுத்தத்தைத் தாங்கிய உறை, அழுத்தம் இறங்கிய பிறகும் பழையபடி சுருங்குவதில்லை. இத்தனை குறைகளோடும், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, அழுத்தம் ஏறியவர்களை ஏறாதவர்களிடமிருந்து பிரிப்பதில் வெளிமுறைகளுக்குள் இதுவே நன்றாகச் செய்கிறது. உறை 6.5 மி.மீ. இருப்பவரையும் 4.5 மி.மீ. இருப்பவரையும் பிரித்துச் சொல்ல யாரும் தடுமாற மாட்டார்கள். தடுமாற்றம் நடுவில் இருப்பவர்களிடம்.

அடுத்த வாசல் நெற்றிப்பொட்டு. அங்கே எலும்பு மெல்லியது. நார்வேயைச் சேர்ந்த ரூனே ஆஸ்லிட் 1982-இல் 2 மெகாஹெர்ட்ஸ் மீயொலியை அந்த வழியே செலுத்தி, நடு மூளைத் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் முறையில் அளந்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் இதயம் தளரும் நொடியில் ஓட்டம் மிகவும் குறையும், சுருங்கும் நொடியில் அவ்வளவு குறையாது. அலையின் மேடும் பள்ளமும் விலகும். இந்த விலகலைச் சராசரி வேகத்தால் வகுத்தால் துடிப்புக் குறியீடு கிடைக்கும். தொடக்க ஆய்வுகள் சிலவற்றில் குறியீடும் மண்டையழுத்தமும் கைகோத்து நடந்தன. பெரிய ஆய்வுகள் வந்தபோது கை நழுவியது. காரணம் எளிது: இரத்த அழுத்தம், கார்பன் டை ஆக்சைடு அளவு, தமனியின் விறைப்பு, வயது என எல்லாமே அந்தக் குறியீட்டை அசைக்கும். போதாக்குறைக்கு, பத்தில் ஒருவருக்காவது பொட்டெலும்பு தடித்து மீயொலியை உள்ளே விடாது.

2022-இல் வெளியான இம்ப்ரெசிட்-2 என்ற பன்னாட்டு ஆய்வு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அதன் நேர்மை. 262 நோயாளிகளுக்கு உள்ளே குழாயும் இருந்தது, வெளியே டாப்ளரும் வைக்கப்பட்டது. டாப்ளரிலிருந்து சூத்திரம் போட்டுக் கணித்த அழுத்தமும் உள்ளே அளந்த அழுத்தமும் எவ்வளவு ஒத்துப்போயின என்று பார்த்தால், ஒத்திசைவு 33 சதவீதம்தான். எண்ணாகப் பார்த்தால் தோல்வி. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி வேறு: டாப்ளர் ‘அழுத்தம் இல்லை’ என்று சொன்னால் அதை நம்பலாமா? 22 என்ற வரம்புக்கு, அப்படிச் சொன்னவற்றில் 95 சதவீதத்துக்கும் மேல் சரியாக இருந்தன. அதற்காகக் கொண்டாடிவிட வேண்டாம். தேர்ந்த வரம்பில் அதன் உணர்திறன் 70 சதவீதம், அதாவது உண்மையில் அழுத்தம் ஏறியிருந்த பத்தில் மூன்று தருணங்களை அது கோட்டைவிடும். துளை போட இயலாத இடத்தில், வேறு தகவலே இல்லாத இடத்தில் இது மதிப்புள்ள செய்தி. துளை போட இயலும் இடத்தில் அதற்குப் பதிலாக வைக்கக் கூடியது அல்ல.

சூத்திரத்தைச் செம்மைப்படுத்தும் முயற்சிகளில் எம்.ஐ.டி.யின் தாமஸ் ஹெல்ட், ஜார்ஜ் வர்கீஸ் குழுவினருடையது தனித்து நிற்கிறது. வர்கீஸ் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்தவர், எழுத்தாளர் ஆபிரகாம் வர்கீஸின் சகோதரர். வெறும் புள்ளிவிவர உறவைத் தேடாமல், இரத்தம் மூளைக்குள் பாயும் இயற்பியலை ஒரு சிறு மின்சுற்றைப் போலச் சமன்பாடாக்கி, கைத்தமனியின் அழுத்த அலையையும் மூளைத் தமனியின் வேக அலையையும் உள்ளிட்டு மண்டையழுத்தத்தைக் கணித்தார்கள். 2012-இல் வெளியான அந்தக் கட்டுரையில் 37 நோயாளிகளின் பதிவுகளில் சராசரிப் பிழை 1.6, சிதறல் 7.6. நோயாளிக்கேற்ற முன்திருத்தம் ஏதும் இல்லாமல் கிடைத்த எண்கள் என்பதால் இவை அசாத்தியமானவை. ஆனாலும் அமெரிக்கக் கருவித் தரநிலை கேட்பது 0 முதல் 20 வரையிலான வீச்சில் கூட்டியோ குறைத்தோ 2-க்குள் இருக்கும் பிழை. கடக்க வேண்டிய தூரம் அவ்வளவு இருக்கிறது. இப்போது இயந்திரக் கற்றல் காலம். விரல்நுனி ஒளிச்சைகையிலிருந்தும் இதயத்துடிப்பு அலையிலிருந்தும் மண்டையழுத்தத்தைக் கணிப்பதாகக் கட்டுரைகள் குவிகின்றன. எந்த மருத்துவமனையின் தரவில் பயின்றதோ அதே மருத்துவமனையின் தரவில் தேர்ச்சி பெறும் நிரல்களை, வேறொரு நாட்டு வார்டில் ஓட்டிப் பார்க்கும்வரை நம்பத் தேவையில்லை.

நிறுவை என்று மேலே சொன்னேன். அந்தத் தத்துவத்தை மண்டைக்குக் கொண்டுவந்தவர்கள் லிதுவேனியாவில் கவுனஸ் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆர்மினாஸ் ரகௌஸ்காஸ் குழுவினர். கண்ணுக்கு இரத்தம் தரும் தமனி, மண்டைக்குள் புறப்பட்டு வெளியே கண்குழிக்குள் வருகிறது. உள்பகுதி மண்டையழுத்தத்துக்கு ஆட்பட்டது, வெளிப்பகுதி கண்குழியின் அழுத்தத்துக்கு. மூடிய கண்மேல் சிறு காற்றுப்பையை வைத்துப் படிப்படியாக அழுத்தம் ஏற்றி, இரண்டு ஆழங்களில் ஒரே சமயத்தில் டாப்ளர் பார்க்கிறார்கள். இரண்டு பகுதிகளிலும் துடிப்பு ஒரே மாதிரி ஆகும் தருணத்தில், வெளியே கொடுத்த அழுத்தமே உள்ளே இருக்கும் அழுத்தம். எந்த நோயாளிக்கும் முன்திருத்தம் தேவையில்லை. 2012-இல் 62 நரம்பியல் நோயாளிகளில் முதுகு ஊசி அளவோடு ஒப்பிட்டபோது சராசரிப் பிழை பூஜ்யத்தை ஒட்டி வந்தது, சிதறல் 2-ஐச் சற்றே தாண்டியது. கொள்கையளவில் எல்லா முறைகளிலும் இதுவே சரியானது என்று நினைக்கிறேன். நடைமுறையில் ஒவ்வோர் அளவுக்கும் நோயாளி பல நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும், கண்ணில் காயம் பட்டவருக்கு ஆகாது, தொடர்ந்து கண்காணிக்க முடியாது. லுண்ட்பெர்க்கின் மேட்டலை இதன் கண்ணிலும் படாது.

காது வழியும் ஒன்று உண்டு. உட்காதுக்கும் மூளைநீருக்கும் இடையே ஒரு நுண்குழாய் இருப்பதால், மண்டையழுத்தம் மாறினால் செவிப்பறை அசையும் விதம் மாறும். இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் ராபர்ட் மார்ச்பேங்க்ஸ் இதில் பல்லாண்டு உழைத்தார். வயது ஏற ஏற அந்தக் குழாய் அடைபட்டுப்போவதால் முறை பலருக்குப் பொருந்தவில்லை. எம்.ஆர்.ஐ. மூலம் இரத்தமும் நீரும் உள்ளே வந்து போகும் அளவைக் கணக்கிட்டு அழுத்தம் காண்பது நேர்த்தியான அறிவியல், ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவரை மணிக்கொரு தரம் எம்.ஆர்.ஐ. குகைக்குள் தள்ள முடியாது. கண்மணி ஒளிக்குச் சுருங்கும் வேகத்தைக் கேமராவால் அளந்து மதிப்பெண் தரும் கைக்கருவி பல ஐ.சி.யூ.க்களில் நிலைபெற்றுவிட்டது, டார்ச் அடித்துக் குத்துமதிப்பாகச் சொல்வதைவிட எவ்வளவோ மேல். பச்சிளங் குழந்தையிடம் மட்டும் இயற்கையே ஒரு சன்னலை வைத்திருக்கிறது, உச்சிக்குழி. அது தெறித்துப் புடைத்திருந்தால் அனுபவமுள்ள செவிலியின் விரல் போதும்.

பிரேசிலின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். செர்ஜியோ மஸ்கரேஞாஸ், சாவோ கார்லோஸ் நகரைப் பிரேசில் இயற்பியலின் மையமாக்கியவர்களில் ஒருவர். 2000-களின் நடுவில், எண்பதை நெருங்கும் வயதில், நடை தள்ளாடத் தொடங்கியது. முதலில் பார்க்கின்சன் என்றார்கள். பிறகு மூளையில் நீர் தேங்கியிருப்பது தெரிந்து வடிகுழாய் வைத்தார்கள். தன் மண்டைக்குள் என்ன அழுத்தம் என்று அறிய மறுபடி துளைதான் போட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னது அந்த இயற்பியலாளருக்குப் பொறுக்கவில்லை. பாலங்கள் வளைவதை அளக்கப் பொறியாளர்கள் ஒட்டும் திரிபுமானியை எடுத்து மண்டையோட்டில் ஒட்டிப் பார்த்தார். மண்டை இறுகிய பெட்டி என்று மன்றோ சொன்னாரல்லவா? ஒவ்வொரு துடிப்புக்கும் அது மைக்ரோமீட்டர் கணக்கில் விரிந்து சுருங்குகிறது என்பதை மஸ்கரேஞாஸ் குழு பதிவு செய்தது. முதல் கருவிக்குத் தோலை விலக்கி எலும்பில் ஒட்ட வேண்டியிருந்தது. பின்னர் தலைப்பட்டையில் பொருத்தி, தோலின் மேலிருந்தே பதியும் வடிவம் வந்தது. பிரெயின்ஃபோர்கேர் என்ற நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியும் பெற்றது. மஸ்கரேஞாஸ் 2021-இல் மறைந்தார்.

இந்தக் கருவி மண்டையழுத்தத்தை எண்ணாகத் தருவதில்லை. அலையின் வடிவத்தைத் தருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மண்டையழுத்த அலைக்கு மூன்று முகடுகள். இயல்பில் முதல் முகடு உயரம், அடுத்தவை படிப்படியாகத் தாழும். ஈடுகட்டும் இடம் தீர்ந்துகொண்டு வரும்போது இரண்டாம் முகடு எழும்பி முதலாவதை மீறும். முன்பே சொன்ன ‘கடைசி 15’ ஆசாமியை எண் காட்டிக்கொடுக்காது, இந்த வடிவம் காட்டிக்கொடுக்கக் கூடும். எண்ணை விட்டுவிட்டு வேறு கேள்வியைக் கேட்டதுதான் பிரேசில் வழியின் பலம். பலவீனமும் உண்டு. நெற்றிப்பொட்டின் தோலுக்கடியில் ஓடும் தமனியின் துடிப்பு அந்தப் பதிவில் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற ஐயம் முற்றிலும் தீரவில்லை. வடிவத்தை வைத்துச் சிகிச்சையை மாற்றினால் நோயாளி மேலாகிறாரா என்பதற்குப் பெரிய சோதனைகளின் விடையும் இன்னும் வரவில்லை.

துளையிடவே முடியாத நோயாளிகளில் விண்வெளி வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்து திரும்பிய ஏழு பேரின் கண்களை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. ஐந்து பேருக்குப் பார்வை வட்டு வீங்கியிருந்தது. எடையின்மையில் இரத்தம் தலைக்கு ஏறி மண்டையழுத்தம் கூடுகிறது என்று அனைவரும் எளிதாக முடிவு கட்டினார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தலையில் ஏற்கெனவே மருந்தறை பொருத்தியிருந்த தன்னார்வலர்களை, நொடிக்கணக்கில் எடையின்மை தரும் விமானத்தில் ஏற்றி நேரடியாக அழுத்தத்தை அளந்தார்கள். 2017-இல் வெளியான முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது: எடையின்மையில் அழுத்தம், பூமியில் படுத்திருக்கும்போது இருப்பதைவிடக் குறைவு. பூமியில் நாம் எழுந்து உட்காரும்போது கிடைக்கும் தாழ்வு மட்டும் அங்கே கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் அந்த இளைப்பாறல் இல்லாமல் போவதே கண்ணைக் கெடுக்கிறதோ என்பது இப்போதைய ஊகங்களில் ஒன்று. மறைமுக அடையாளங்களை வைத்துப் பல ஆண்டுகள் ஊகித்ததை நேரடி அளவு ஒரே நாளில் கவிழ்த்தது. வெளிமுறைகளை ஆதரிப்பவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

மறுபக்கம், நேரடி எண்ணே உயிரைக் காக்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. ராண்டல் செஸ்நட் தலைமையில் பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் நடந்து 2012-இல் வெளியான பெஸ்ட்-ட்ரிப் சோதனை, தலையில் கடும் காயமுற்ற 324 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு மண்டைக்குள் உணரி, மற்றதற்கு சி.டி. ஸ்கேனும் மருத்துவரின் பரிசோதனையும் மட்டும். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் முறையே 39, 41 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே பொருள். உணரி வீண் என்று தலைப்புகள் ஓடின. செஸ்நட்டே அப்படிச் சொல்லவில்லை. சோதனை ஒப்பிட்டது இரண்டு கண்டிப்பான சிகிச்சைத் திட்டங்களை. உணரி இல்லாத பிரிவினர் கூடுதல் நாள்கள் மூளைச் சிகிச்சை பெற்றார்கள், அதுவும் பக்கவிளைவுள்ள மருந்துகளோடு. 2021-இல் 42 நாடுகளில் 2,395 நோயாளிகளைப் பின்தொடர்ந்த சினாப்ஸ்-ஐ.சி.யூ. ஆய்வில், மிக மோசமான நிலையில் இருந்தவர்களில் உணரி வைக்கப்பட்டவர்கள் குறைவாக இறந்தார்கள். இது சோதனை அல்ல, கவனிப்பு. வசதியான மருத்துவமனைகளில்தான் உணரி இருக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், எண் இல்லாமலும் ஒழுங்கான சிகிச்சை சாத்தியம், எண் இருந்தால் தேவையற்ற மருந்து குறையும் என்ற அளவுக்குச் சொல்லலாம்.

அப்படியானால் வெளிமுறைகள் எதற்கு? ஐ.சி.யூ.வில் குழாயை மாற்றீடு செய்வதற்கு அல்ல. அந்த ஆசையை இன்னும் பல ஆண்டுக்கு ஒத்திப்போடலாம். குழாய் வைக்கும் மருத்துவர் இருக்கும் ஊருக்கு யாரை அனுப்புவது, எவ்வளவு அவசரமாக அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில்தான் அவற்றுக்கு வேலை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. தலைக்காயத்தில் மண்டையழுத்தம் ஏறத் தொடங்கும் நேரமும் அதற்குள்தான். மாவட்ட மருத்துவமனையில் சி.டி. எடுக்கிறார்கள்; அது எடுத்த நொடியின் நிலையைச் சொல்லும். நான்கு மணி நேரம் கழித்து என்ன ஆயிற்று என்பதற்கு மறுபடி நோயாளியைத் தூக்கிச் செல்ல வேண்டும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் உறையையோ மணிக்கொரு தரம் படுக்கையிலேயே பார்க்கலாம். 4.8-இலிருந்து 5.9-க்குப் போகிறது என்றால் வரம்பு எது என்ற பண்டிதச் சண்டைக்கு அங்கே இடமில்லை. அதே ஆள், அதே கண், அதே கை, உறை விரிகிறது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

இதற்கு இந்தியாவில் ஒரு தனித் தடை உண்டு, மேலைநாட்டுக் கட்டுரைகளில் அது இடம்பெறாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி, எந்த அல்ட்ராசவுண்ட் கருவியாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த இடத்தைவிட்டு நகர்த்தவும், யார் இயக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. பெண்சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டம் தேவையானது, தளர்த்தச் சொல்வது பொறுப்பின்மை. ஆனால் கண்ணையும் நரம்பையும் பார்க்கும் உயர் அலைவெண் நேர்க்கோட்டு ஆய்வுமுனை சில சென்டிமீட்டர் ஆழம் வரைதான் தெளிவாகக் காட்டும்; கருப்பையின் ஆழத்தைப் பார்க்க அது ஏற்றதல்ல. அந்த முனை மட்டுமே பொருந்தும் கருவிகளுக்குத் தனிப் பதிவு முறை ஒன்றை அரசு வகுக்கலாம். அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் மயக்கவியலாளர்களுக்கும் உறை அளக்கும் பயிற்சியை அரசு மருத்துவக் கல்லூரிகள் பாடத்திட்டத்திலேயே வைக்கலாம். புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கக் காத்திராமல் இந்த இரண்டையும் இப்போதே செய்ய முடியும். சுகாதாரத் துறை செய்ய வேண்டும்.